செலவு கேட்கப் போன வீடு

ஜூலை 2, புதன்

பயிற்சி முடிந்தது. டேப்லெட்டும் அடையாள அட்டையும் கொடுத்துவிட்டார்கள். அட்டையில் என் போட்டோ போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறது. செண்பகா பார்த்துவிட்டு, "மதினி, இந்த மூஞ்சிக்குப் பயந்தே எல்லாரும் உண்மையைச் சொல்லிருவாக" என்றாள்.

வேலை இதுதான். எங்கள் கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு குடும்பம் மாதத்துக்குச் சராசரியாக என்ன செலவு செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அரிசி, எண்ணெய், சோப்பு, பஸ், போன், மருந்து, துணிமணி, ஒன்று விடாமல் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் பொறுக்கித் தந்த வீடுகளுக்கு மட்டும் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் ஒரு தடவை, மொத்தம் மூன்று தடவை. ஒப்பந்த வேலைதான், ஆனால் தீபாவளி வரைக்கும் கவலையில்லை.

"ஒரு வீட்டுல கேட்டதை இன்னொரு வீட்டுல சொல்லக்கூடாது. கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்லக்கூடாது" என்றார் சூப்பர்வைசர் ஸ்டீபன் சார். எனக்குப் புருஷன் இல்லாததால் அந்த மட்டுக்கும் சிரமம் குறைந்தது.

"நம்ம வீட்டுக்கு வருவாகளா?" என்று செண்பகா கேட்டாள்.

"கம்ப்யூட்டர் நம்மளப் பொறுக்கல."

"நல்லவேளை. நம்ம செலவைச் சேத்தா இந்த ஊரு சராசரியே படுத்துரும்."

செண்பகா என் தம்பி இசக்கிமுத்துவின் மனைவி. அவன் மஞ்சள் காமாலையில் போய் மூன்று வருஷம் ஆகிறது. காரியம் முடிந்த அன்றைக்கே அவளுடைய அண்ணன் எட்டயபுரத்திலிருந்து வண்டி கொண்டுவந்தார். அவள் பெட்டியை எடுத்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப உள்ளே வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று ஐந்து வீடு. எல்லார் வீட்டிலும் மாதம் அரை லிட்டர் எண்ணெய்தான் செலவாகிறதாம். ஒரு வீட்டில் அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு வடை கொண்டுவந்து வைத்தார்கள்.

செருப்பு வார் அறுந்துவிட்டது. ஆடி பிறக்கும் முன்பே காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. நயினார் என்று பெயர், முப்பத்தெட்டு வயது. லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின்மேன். மனைவி இறந்து இரண்டு வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார் என்று பக்கத்தில் சொன்னதால் அந்த நேரத்துக்குப் போனேன்.

வீட்டில் இன்னொருவர் அவருடைய மாமியார் பூரணம். மகளே போன பிறகு மாமியார் மருமகன் வீட்டில் இருப்பது எனக்குப் புதிதாக இருந்தது. "அவுகளுக்கு வேற யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். டேப்லெட்டில் இல்லாத கேள்வி.

"எனக்கும்தான் வேற யாரும் இல்ல" என்றார்.

அந்த அம்மா வெளியே வரவில்லை. உள்ளறையிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. "யாரு மாப்பிள்ளே?"

"கணக்கெடுக்க வந்திருக்காக அத்தே."

"உக்காரச் சொல்லுங்க. காப்பி போட்டுக் குடுங்க. சீனி கம்மியாப் போட்டுராதீக."

எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்பது விதி. ஆனால் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. அவரே காப்பி போட்டுக் கொண்டுவந்தார். நன்றாக இருந்தது.

பதில்தான் ஒன்றும் தேறவில்லை. டீக்கடை? போறதில்ல. சினிமா? இல்ல. வெளிச்சாப்பாடு? இல்ல. போன தீபாவளிக்குத் துணி? அத்தைக்கு ஒரு சேலை. உங்களுக்கு? இருக்கு. கல்யாணம், கோயில் கொடை என்று வெளியூர் போனது? இல்ல. பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுக்கொண்டே போனேன். வெளியே வெயில் கொளுத்துகிறது. இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் கயிறு கட்டிப் போர்வைகளைக் காயப்போட்டிருக்கிறார். திருட்டுப் பயம் போல. சம்பளத்தை எல்லாம் என்னதான் செய்கிறாரோ. சரியான கஞ்சர்.

ஜூலை 13, ஞாயிறு

செண்பகாவுக்கு ஆடித் தள்ளுபடி நேரம். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கும் லீவு இல்லை. வரும்போது கணுக்கால் வீங்கியிருந்தது. வெந்நீரில் கல்லுப்பு போட்டுக் காலை வைக்கச் சொன்னேன். பக்கெட்டுக்குள் காலை வைத்துக்கொண்டு, கடைக்கு வந்த ஒருத்தி அறுபது சேலையை எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டை வாங்கிப் போன கதையைச் சொன்னாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது.

அந்த நேரத்தில் எதிர்வீட்டு ராஜகனி அக்கா வந்தார். "எவ்வளவு நாளைக்கு வடிவு இந்தப் பிள்ளையை இப்படியே வச்சிருப்பே? முப்பத்திமூணு ஒரு வயசா?" என்றார்.

"அவளுக்கு இஷ்டம்னா நான் ஏன் தடுக்கப்போறேன்?" என்றேன்.

கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்டீபன் சார் கூப்பிட்டு நயினார் வீட்டுக் கணக்கைக் காட்டினார். "சம்பளம் இவ்வளவுங்காரு. செலவு இவ்வளவுதான். சேமிப்பும் இல்லங்காரு. மிச்சம் எங்க போகுது? ஏதோ ஒரு பெரிய செலவை நீங்க கேக்காம விட்டிருக்கீங்க, இல்ல அவர் சொல்லாம விட்டிருக்காரு."

"ஒரு வீடுதானே சார்" என்றேன்.

"ஒரு வீடு இல்லம்மா. அதே மாதிரி இருக்கிற ஆயிரம் வீட்டுக்கும் சேத்து அந்த ஒரு வீட்டைத்தான் கேக்கோம். இதுல விட்டுப்போனா அத்தனையிலயும் விட்டுப்போகும். அடுத்த தடவை பொறுமையா உக்காந்து கேளுங்க."

ஆகஸ்ட் 8, வெள்ளி

கேட்டேன். இதை எழுதுவதற்கே கை தயங்குகிறது. ஆனால் இந்த நோட்டை நான் தவிர யாரும் படிக்கப்போவதில்லை.

நயினார் எழுந்துபோய் உள்ளறைக் கதவை மெதுவாகச் சாத்தினார். டிவியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டயப்பர்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பெரியவுகளுக்குள்ளது. அத்தைக்கு. கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணதுல இருந்து அவுகளால அடக்க முடியல. என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும் அவ பாத்தா. இப்ப நான் வாங்கியாறேன். இங்க வாங்குனா யாராச்சும் பாத்துருவாகன்னு சாத்தூருக்குப் போய் வாங்குவேன். அதுபோக மருந்து. துணி மட்டும் நான் அலசிப் போட்டுருவேன், அவுகளுக்குக் குனிய முடியாது. மாடியில காயப்போட்டா தினமும் என்ன இத்தனை போர்வைன்னு தெருவுல கேப்பாக."

நான் அந்தக் கயிற்றைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன்.

"மத்தியானம் நான் வந்து எதிர்ல உக்காந்தாத்தான் ஒரு வாய் சாப்பிடுவாக. அதான் நான் எங்கயும் போறதில்ல." குரல் இன்னும் தாழ்ந்தது. "இதையெல்லாம் எழுதியே ஆகணுமா?"

"எழுதணும் சார். பேரு எங்கயும் வராது."

"சத்துணவுக் கூடத்துல ஆயிரம் பிள்ளைகளுக்குச் சமைச்சுப் போட்டவுக. தெருவுல நடந்து வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாக. இது வெளிய தெரிஞ்சா அவுக தாங்க மாட்டாக. யாருகிட்டயும் சொல்லிராதீக."

சொல்ல மாட்டேன் என்றேன். விதிக்காக மட்டும் சொல்லவில்லை.

கிளம்பும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "காப்பி குடிச்சாகளா மாப்பிள்ளே?"

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்த கையோடு செண்பகாவின் அண்ணன் குருசாமி அண்ணாச்சி வந்தார். போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். நல்ல இடமாம், தெரிந்தவர் மூலம் வந்ததாம். இரண்டாம் தாரம் என்றாலும் பிள்ளைகள் இல்லை, நிலையான வேலை.

நயினார். நீலச் சட்டை போட்டு, யாரோ சிரிக்கச் சொன்னதால் சிரித்த மாதிரி நிற்கிறார்.

"தெரிஞ்ச ஆளா மதினி?" என்று செண்பகா கேட்டாள்.

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. ஒரே ஊருதானே" என்றேன்.

அவள் போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஸ்கிரீனில் தூசியாக இருக்கிறது என்று வாங்கி முந்தானையால் துடைத்தாள். துடைக்க வெகுநேரம் ஆயிற்று. விசாரித்துவிட்டு அடுத்த ஞாயிறு வருவதாக அண்ணாச்சி சொல்லிப் போனார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணாச்சி வந்தார். செருப்பைக் கழற்றும்போதே, "அந்த இடம் வேண்டாம்" என்றார்.

"குடியா?" என்று கேட்டேன்.

"குடிச்சாக்கூடத் திருத்திரலாம். எச்சக்கையால காக்கா ஓட்டாத பய. பிரஸ்ஸுல கூட வேலை பாக்குதவன் சொல்லுதான், இத்தனை வருஷத்துல ஒருத்தனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லையாம். மொய் எழுதணுமேன்னு எவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் வாரதில்லையாம். பொண்டாட்டிக்கே சரியா வைத்தியம் பாக்கலன்னு ஒரு பேச்சு இருக்கு. மாமியாக்காரியை எதுக்கு வச்சிருக்கான்? அவளுக்கு வார பென்சனுக்காம்."

செண்பகா தண்ணீர்ச் செம்போடு அப்படியே நின்றாள்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீங்க ஊரெல்லாம் வீடு வீடாப் போறீகளே. உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

"போற வீட்டைப் பத்திப் பேசக்கூடாது அண்ணாச்சி. அதுதான் சட்டம்."

"அப்ப விடுங்க."

"விட்ருண்ணே" என்றாள் செண்பகாவும். உள்ளே போய்விட்டாள். கட்டிலில் அவளுடைய வெங்காயக் கலர் சேலை இஸ்திரி போட்டு வைத்திருந்தது. எதற்காக எடுத்து வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. அதை மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

நல்லதுதான். இந்த மாதிரி விஷயங்களில் அவசரப்படக்கூடாது. சாயங்காலம் அவளுக்குப் பிடிக்குமே என்று தோசை சுட்டு எள்ளுப்பொடி வைத்தேன். அவள் ஒன்று சாப்பிட்டாள். நான் நாலு சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இந்த வாரம் செண்பகா கடைக் கதை எதுவும் சொல்லவில்லை. கால் வலியா என்று கேட்டால் இல்லை என்கிறாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஸ்டீபன் சாரிடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். ஒரு வீட்டைப் பற்றி நமக்கு நல்ல விஷயம் தெரிந்திருந்து, அதைச் சொன்னால் அவர்களுக்கே நல்லது நடக்கும் என்றால் சொல்லலாமா?

"நல்லதோ கெட்டதோ, அது அவங்க சொத்து. நாம எடுத்துக் கொடுக்க முடியாது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றார்.

ஆக, சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். மத்தியானச் சோறு இறங்கவில்லை. மோர் புளித்திருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நயினார் வீட்டுக்குக் கடைசித் தடவையாகப் போனேன். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. பூரணம் அம்மாவே கதவைத் திறந்தார். இவ்வளவு நாளாகக் குரலை வைத்துக் குண்டாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, உயரமாக, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வா. இன்னைக்கு நான் கணக்குச் சொல்லுதேன்" என்றார்.

அரிசி, புளி, வத்தல் எல்லாம் மடமடவென்று சொன்னார். மருந்துக்கு வந்ததும் நான் தயங்கினேன்.

"மாப்பிள்ளை உன்கிட்டச் சொல்லிருப்பாரே. டிவியச் சத்தமா வச்சா எனக்குக் கேக்காதுன்னு அவருக்கு நினைப்பு. நானும் கேக்காத மாதிரியே இருந்துக்கிடுதேன். எழுதிக்கோ. போன மாசம் எவ்வளவோ அதேதான்."

எழுதினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "அடுத்த மாசம் இந்தச் செலவெல்லாம் அவருக்கு இருக்காது. மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்காம். போன் பண்ணி விசாரிச்சிட்டேன். என் பென்சனைக் கொடுத்தாச் சேத்துக்கிடுவாக."

"ஏம்மா?"

"ஒரு பொண்ணு பாத்தோம். துணிக்கடையில வேலை பாக்குதாம், அதுவும் புருஷனை இழந்த பிள்ளை. போட்டோ வந்த அன்னைக்கு மாப்பிள்ளை கண்ணாடி முன்னால நின்னு தலை சீவுனாரு. என் மக போனபிறகு அவரு கண்ணாடி பாத்து நான் பாத்ததில்ல. அப்புறம் அவுக வேண்டாம்னு சொல்லியனுப்பிட்டாக. ஏன்னு சொல்லல. சொல்லணுமாக்கும்? முதல் தாரத்தோட ஆத்தாக்காரி நடுவீட்டுல உக்காந்திருந்தா எந்தப் பிள்ளை வரும்? அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது. நாந்தான் வழிய விட்டு விலகணும்."

டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"அந்தப் பொண்ணு என் தம்பி பொண்டாட்டிம்மா" என்றேன்.

அவர் திரும்பினார்.

"நீங்க காரணமே இல்ல. உங்களை வச்சு யாரும் வேண்டாங்கல. அவரு கஞ்சன்னு யாரோ சொல்லிட்டாக. அதான்."

"யாரு? எங்க நயினாரா?"

"ஆமாம்மா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அடங்கினதும், "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே. நீ சொல்லலியா?" என்று கேட்டார்.

"சொல்லக்கூடாதும்மா. வேலையில விதி இருக்கு. உங்க மாப்பிள்ளைக்கும் வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அதனாலதான் சொல்லலியா?"

கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தார். நான் டேப்லெட்டை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செண்பகா எட்டிப் பார்த்து, "யாரோ ஒரு அம்மா மதினி. இறங்கச் சிரமப்படுதாக" என்றாள்.

பூரணம் அம்மா. நல்ல சேலை கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். ஒரு கையில் துணிப்பை. நடையில் வைத்திருந்த மெத்தை போட்ட நாற்காலியைக் காட்டினேன். "அது வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி இருந்தாப் போடு" என்றார்.

செண்பகா கொண்டுவந்து போட்டாள். உட்கார்ந்துகொண்டு அவளையே பார்த்தார்.

"நீதான் செண்பகாவா? நான் நயினாரோட மாமியார். நான் இங்க வந்தது அவருக்குத் தெரியாது. என் மகளைத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு வாசலுக்கு வந்தவ, அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் வெளிய வாரேன்."

செண்பகா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அவரு கஞ்சன்னு உங்கிட்ட சொன்னாகளாமே. என் மக ஆஸ்பத்திரியில கெடந்தப்ப வண்டியை வித்தாரு, பூர்வீக மனையை வித்தாரு. அவ போதும் போதும்னு அழுதா. இவரு கேக்கல. அவ போனபிறகு நான் என் ஊருக்குப் போறேன்னு பையைத் தூக்குனேன். வாசல்ல மறிச்சுக்கிட்டு, அத்தே நீங்களும் போயிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்னாரு." துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார். "அவரு டீக்கடைக்குப் போகாததும், கல்யாணத்துக்குப் போகாததும் என்னாலதான். என்னால அடக்க முடியாதும்மா. சின்னப்பிள்ளை மாதிரி. அவரு சம்பளத்துல பாதி என் இடுப்புலதான் போகுது. என் துணியை அவருதான் அலசுதாரு. ஒரு நாள்கூட மூஞ்சி சுளிச்சதில்ல. இதை வெளிய சொன்னா என் மானம் போயிரும்னு ஊரு பேச்செல்லாம் அவரு வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நான் அதுக்கு ஒத்துக்கிட்டு உள்ளயே இருந்துட்டேன். இனிமே இருக்க மாட்டேன். நான் மதுரைக்குப் போயிருவேன், உனக்கு அந்தத் தொந்தரவு இருக்காது. அவரு நல்லவருன்னு மட்டும் தெரிஞ்சுக்கோ. அப்புறம் உன் இஷ்டம்."

சொல்லி முடித்துவிட்டு எழுந்தார். எழுந்ததும் பதறித் திரும்பி நாற்காலியைப் பார்க்கப் போனார்.

அதற்குள் செண்பகா அவருக்கும் நாற்காலிக்கும் நடுவே வந்துவிட்டாள். நாற்காலிப் பக்கம் அவள் கண் போகவே இல்லை. அவர் கையைப் பிடித்து, "எங்க போறீக? சாப்பிட்டுத்தான் போகணும் அத்தே" என்றாள்.

அத்தே என்ற சொல்லைக் கேட்டு அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"மதுரைக்கெல்லாம் யாரும் போக வேண்டாம். வாங்க உள்ள" என்று கூட்டிப்போனாள்.

நான் வெளியே வந்து ஆட்டோவை அனுப்பினேன். கண்ணில் மண் விழுந்த மாதிரி இருந்தது. இன்றைக்குக் காற்றே இல்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் எனக்குத் தலை பின்னிவிடும்போது செண்பகா கேட்டாள். "நீங்க அந்த வீட்டுக்குப் போயிருக்கீகதானே மதினி?"

"அது வேலை விஷயம்."

"அண்ணன் வந்து சொன்ன அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"வேலை விஷயத்தைப் பேசக்கூடாது."

பின்னிக்கொண்டே இருந்தாள். "நான் போயிட்டா நீங்க என்ன செய்வீக?" என்றாள்.

"பீரோவுல எனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்."

"ராத்திரி பல்லி சத்தம் போட்டாக்கூட என்னை எழுப்புவீக. அப்ப யாரை எழுப்புவீக?"

"பல்லியை அடிச்சுப்போட்டுருவேன்."

அவள் பின்னலை முடிக்காமல் பின்னாலிருந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எனக்குக் கோவமே இல்ல மதினி" என்று என் காதுக்குள் சொன்னாள். "எதுக்குக் கோவம்?" என்று கேட்டேன். அவள் பின்னலின் மிச்சத்தை முடிக்கத் தொடங்கினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் நானே எட்டயபுரத்துக்கு போன் போட்டு, "அந்த இடத்தையே முடிச்சிருவோம் அண்ணாச்சி. செண்பகாவுக்குச் சம்மதம். எனக்கும் சம்மதம்" என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

ஆய்வு வேலை முடிந்தது. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எண்கள் எல்லாம் சேர்ந்து வெளிவர அடுத்த வருஷம் ஆகும் என்று ஸ்டீபன் சார் சொன்னார். ஊர்ச் சராசரி என்று ஒரே ஒரு எண் வரும். சாத்தூருக்குப் போய் வாங்கி வந்ததெல்லாம் அதற்குள் எங்கேயோ இருக்கும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

வரும் வழியில் செண்பகாவுக்கு முகூர்த்தச் சேலை எடுத்தேன். அவள் வேலை பார்க்கிற கடைக்கே போய், அவளையே எடுத்துக் காட்டச் சொல்லி, அறுபது சேலை பிரிக்கவைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. கூட்டமில்லை. பிரஸ்ஸிலிருந்து நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் அண்ணாச்சிக்கும் பூரணம் அம்மாவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அவர்களில் ஒருவர் நயினாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குருசாமி அண்ணாச்சி பூரணம் அம்மாவுக்கு நாற்காலி போட்டு, காற்றாடி அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வந்தார்.

தாலி கட்டும்போது பூரணம் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். அவருக்கு அவருடைய மகள் ஞாபகம், எனக்கு என் தம்பி ஞாபகம். இரண்டு பேரும் அட்சதையை ஒழுங்காகப் போட்டோம்.

புறப்படும்போது செண்பகா அழுதாள். "அடுத்த தெருவுக்குப் போற மாதிரிதான், எதுக்கு அழுகை?" என்று அதட்டி அனுப்பினேன். நயினார் என்னிடம் வந்து, "மதினி, ஞாயித்துக்கிழமை வருவோம்" என்றார்.

அக்டோபர் 28, செவ்வாய்

ரெண்டு பேருக்கு வடித்துவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

இன்றைக்கும்.

நவம்பர் 2, ஞாயிறு

மூன்று பேரும் வந்தார்கள். பூரணம் அம்மா ஒரு பெரிய பையோடு வந்தார். செண்பகா முகம் உம்மென்று இருந்தது. நயினார் பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"பத்து நாள் இங்க இருந்துட்டு வாரேன்" என்றார் பூரணம் அம்மா.

"வழியெல்லாம் சொல்லிட்டு வாரேன் மதினி, கேக்க மாட்டேங்காக. நான் வந்ததும் அவுக வெளிய போனா ஊரு என்ன சொல்லும்?" என்றாள் செண்பகா.

"ஊரு பேச்சுக்குப் பயந்து உள்ள கெடந்ததெல்லாம் போதும். கல்யாணமான வீட்டுல முதல் மாசம் மாமியாரே இருக்கக்கூடாது. நான் அதுலயும் பழைய மாமியார்." எல்லாரும் சிரித்துவிட்டோம், நயினார்கூட. பிறகு பூரணம் அம்மா என்னிடம், "உனக்கு ஆட்சேபணை உண்டுமா வடிவு? என்னோட தொந்தரவு உனக்குத் தெரியும்" என்றார்.

"காப்பி நீங்கதான் போடணும்" என்றேன். "சீனி கம்மியாப் போட்டுராதீக."

நயினார் பையைக் கீழே வைத்தார்.

நவம்பர் 5, புதன்

என் சமையலில் ஒன்றுமே சரியில்லையாம். ரசத்தில் பெருங்காயம் இல்லையாம், கீரையைக் கொலை செய்கிறேனாம். ஆயிரம் பிள்ளைகளுக்குச் சமைத்தவரோடு சண்டை போட முடியுமா? போட்டேன். நயினார் வேலைக்குப் போகும் வழியில் ஒரு தடவை, வரும் வழியில் ஒரு தடவை எட்டிப் பார்க்கிறார். அலசப் போகிறேன் என்று துணியைக் கேட்டார். எங்கள் வீட்டு ஆள் துணி எங்களுக்கு அலசத் தெரியும் என்று சொல்லி, டீ வாங்கிக்கொடுத்து அனுப்பினேன்.

நவம்பர் 12, புதன்

பத்து நாள் முடிந்தது. செண்பகாவும் நயினாரும் கூட்டிப்போக வந்தார்கள். பூரணம் அம்மா பையைக் கட்டவே இல்லை. ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிப் போட்டிருக்கிறாராம், ஊறிய பிறகு வருகிறாராம். "அது ஊற ஒரு மாசம் ஆகுமே அத்தே" என்றாள் செண்பகா. "ஆகட்டும்" என்றார்.

செண்பகா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கணுக்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. போகும்போது நயினார் ஏதோ சொன்னார், அவள் தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். அவர்கள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம்.

இன்னும் நிறைய எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அடுப்படியிலிருந்து சத்தம் வருகிறது. "ஏட்டி வடிவு, சோறு ஆறிப்போகுது. என்னத்தை எழுதிக் கிழிக்கே? வா."

அம்மா போன பிறகு என்னை ஏட்டி என்று யாரும் கூப்பிட்டதில்லை.

போகிறேன்.